போர்டிங்குக்கு 50 நிமிடம், ஐந்து பரிசுகள்: விமான நிலையத் துணிக்கடையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான்கு நாள் வேலைப் பயணம் முடிந்து நானும் அலுவலகத் தோழி ஒருவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் கணக்குப் பிரிவில் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் ஆயத்த ஆடைகளின் தரச் சோதனையில் பல வருடம் இருந்தவள். ஒரு துணியைக் கையில் எடுத்தால் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன், அப்படியே பழகிவிட்டது. அந்தப் பழக்கம் அன்று எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரியது என்பதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

நான்கு நாளும் கூட்டம், அறை, மறுபடி கூட்டம். வெளியே போய்க் கடை பார்க்க நேரமே வாய்க்கவில்லை. தோழிக்கோ ஐந்து பேருக்குப் பரிசு வாங்கியாக வேண்டும்: அம்மா, அண்ணி, அண்ணனின் 14 வயது மகள், எங்கள் பெண் மேலாளர், அப்புறம் நாங்கள் இல்லாத நான்கு நாளும் எங்கள் வேலையையும் சேர்த்துப் பார்த்த ஒரு சக ஊழியை. "சாவிக்கொத்தும் ஃபிரிட்ஜில் ஒட்டுற காந்தமும் வேண்டாம் அக்கா. இந்த ஊர் ஆளுங்களே டிசைன் பண்ணினது ஏதாவது பார்க்கலாம்" என்றார். நல்ல எண்ணம்தான். ஆனால் யாருக்கு என்ன என்று அவரிடம் பட்டியல் எதுவும் இல்லை.

பாதுகாப்புச் சோதனை முடிந்து உள்ளே வந்தபோது விமானம் கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருந்தது. போர்டிங் அதற்கு 40 நிமிடம் முன்னால் தொடங்கும் என்று சீட்டில் போட்டிருந்தது. ஆக, கையில் 50 நிமிடம். நடுவில் ஓர் இடத்தில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டியும் இருந்தது. இது பின்னால் முக்கியமாகும் என்று அப்போது இருவருக்குமே தோன்றவில்லை.

விமான நிலையக் கடை என்றாலே வரியில்லாமல் மலிவாகக் கிடைக்கும் என்று தோழி நம்பியிருந்தார். 1947-இல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் முதல் வரியில்லாக் கடை திறந்ததிலிருந்து பயணிகள் மனதில் இருக்கிற நம்பிக்கை அது. மது, சிகரெட், வாசனைத் திரவியம் போல வரி ஏகமாக விதிக்கப்படும் பொருட்களில்தான் அந்தச் சலுகை கண்ணுக்குத் தெரியும். துணிமணியில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. போதாததற்கு, இந்தக் கடைகள் பெரும்பாலும் விற்பனையில் ஒரு பங்கு அல்லது குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை, எது அதிகமோ அதை விமான நிலையத்துக்குக் கட்டுகின்றன. அதுவும் விலைச்சீட்டில்தான் ஏறும். சின்ன அளவில் தொழில் செய்யும் வடிவமைப்பாளர் தனியாக இந்த வாடகையைத் தாங்குவது கஷ்டம். அதனால் பலருடைய சரக்கையும் ஒரே கூரையின் கீழ் வைத்து விற்கும் கடைகளில்தான் அவர்கள் பெயரைப் பார்க்க முடிகிறது. நாங்கள் நுழைந்ததும் அப்படி ஒரு கடைதான்.

கடையில் கண்டது

வாசலில் பெரிய பலகை: உள்ளூர் வடிவமைப்பாளர்களின் படைப்புகள். உள்ளே ஒவ்வொரு அலமாரிக்கும் மேலே ஒரு வடிவமைப்பாளரின் பெயர், படம், நாலு வரி அறிமுகம். தோழி அந்த அறிமுகங்களைப் படித்துக்கொண்டே போனார். நான் துணிகளின் விளாப் பக்கத் தையலில் இருக்கும் வெள்ளைச் சீட்டைப் படித்துக்கொண்டே போனேன்.

இரண்டும் வேறு வேறு விஷயங்களைச் சொல்லும். ஒரு துணியின் உருவத்தை வரைந்தவர் ஓரிடத்தில் இருப்பார், துணி இன்னோரிடத்தில் நெய்யப்படும், வெட்டித் தைப்பது மூன்றாவது இடத்தில் நடக்கும். 'தயாரிக்கப்பட்ட நாடு' என்று சீட்டில் போடுவது பொதுவாகப் பொருள் கடைசியாக முக்கியமான மாற்றம் அடைந்த நாட்டை. விதி நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். 'வடிவமைத்தது இங்கே' என்ற வரிக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அந்தக் கடையில் நான் புரட்டிய சீட்டுகளில் பாதிக்குப் பாதி வேறு நாட்டில் தைத்தவை. பலகை பொய் சொல்லவில்லை. அது சொல்வதற்கு மேல் நாங்கள்தான் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தோம்.

முதலில் தோழியின் கை போனது ஒரு பூப்போட்ட பருத்தி ஸ்கார்ஃபுக்கு. மர அச்சில் கையால் ஒற்றி எடுத்தது போல இருந்தது: கோடுகள் லேசாகக் கலங்கி, அங்கங்கே மை திட்டு. "இது கை அச்சு அக்கா, பாருங்க, பிசகு தெரியுது" என்றார் சந்தோஷமாக. வாங்கி மேஜையில் விரித்தேன். ஒரு பூவின் மூன்றாவது இதழ் ஓரத்தில் கடுகு அளவு ஒரு மைப்பொட்டு. கொஞ்சம் தள்ளி அதே பூ, அதே மூன்றாவது இதழ், அதே கடுகு. இன்னும் தள்ளி மறுபடி அதே. கையால் ஒற்றுகிறவர் கை தவறும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தவறாது. இப்படிப் பிசகே திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் அது மை இறக்கும் அச்சுத் திரையிலோ கணினிப் படத்திலோ இருக்கிற பிசகு. உருளை வடிவத் திரை சுழன்று அச்சிடும் சுழல் திரை அச்சு என்றால் உருளையின் சுற்றளவு பெரும்பாலும் 64 சென்டிமீட்டர், அதற்குள் படம் ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்கிவிடும். கை அச்சில் பார்க்க வேண்டிய இடம் இரண்டு கட்டைகள் சந்திக்கும் ஓரம். அங்கே ஒரு நூலளவு இடைவெளியோ மேல்படிதலோ இருக்கும், அதுவும் ஓரிடத்தில் இருந்த மாதிரி இன்னோரிடத்தில் இருக்காது.

அடுத்தது பளபளவென்று ஒரு கழுத்துத் துண்டு. அட்டையில் சாட்டின் என்று போட்டிருந்ததைத் தோழி பட்டு என்று படித்துவிட்டார். சாட்டின் என்பது நெசவின் பெயர், இழையின் பெயர் கிடையாது. பட்டிலும் நெய்யலாம், பாலியஸ்டரிலும் நெய்யலாம். உள்சீட்டில் 100 சதவீதம் பாலியஸ்டர். அலமாரியில் அதற்குப் பக்கத்தில் நிஜப் பட்டுத் துண்டுகள் தொங்கின, விலையிலும் பெரிய தூரம் இல்லை. அதை அப்படியே மாட்டிவிட்டு வந்தோம்.

அவுரிச் சாயம் தோய்த்த ஒரு நீல ஸ்கார்ஃப் நிஜமாகவே அழகு. சீட்டிலும் இழை, சாயம், தைத்த இடம் எல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் அவுரி நூலின் மேற்பரப்பில்தான் அதிகம் தங்கும், உரசினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஆய்வுக்கூடத்தில் இதற்கென்றே ஒரு கருவி உண்டு, வெள்ளைத் துணியை அதன்மேல் பத்து முறை முன்னும் பின்னும் தேய்த்துப் பார்ப்பார்கள். கடைப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு, ஈரமாக்கிய டிஷ்யூவால் ஓரத்தில் அதையே செய்தேன். டிஷ்யூவில் இளநீலம் ஏறியது. அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. "முதல் ரெண்டு மூணு துவைப்புக்குத் தனியாப் போடச் சொல்லுங்க" என்றார்.

கம்பளிச் சால்வை ஒன்று. சட்டென்று என் மனம் அதில் போய் உட்கார்ந்துகொண்டது. ஊடை, அதாவது குறுக்கு நூல், ஒழுங்காக ஓரத்தில் திரும்பியிருந்தது, இரண்டு கரையிலும் தறியில் துணியை அகலமாக இழுத்துப் பிடிக்கும் கம்பின் ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிந்தன. கரை மூடியிருப்பது மட்டும் கைத்தறி என்பதற்குச் சாட்சி ஆகாது, குறுக்கு நூலைச் சுமந்து நாடா ஓடும் விசைத்தறியிலும் அப்படித்தான் வரும். இருந்தாலும் நெசவின் சின்னச் சின்ன ஏற்ற இறக்கமும் சேர்ந்து பார்க்கும்போது எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. நெய்த பட்டறையின் பெயரும் சீட்டில் இருந்தது. கீழே பராமரிப்புக் குறிகள்: தண்ணீர்த் தொட்டிப் படத்தின் மேல் பெருக்கல் குறி, பக்கத்தில் வட்டத்துக்குள் பி (P) என்ற எழுத்து. அதாவது தண்ணீரில் துவைக்கக் கூடாது, சலவைக்கடையில் உலர்சலவைக்குத்தான் போட வேண்டும். பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அண்ணிக்குக் கம்மல் வாங்குவதாகத் திட்டம். அவருக்குச் சாதாரணக் கம்மல் போட்டால் காது அரிக்கும் என்று தோழியே பேச்சுவாக்கில் சொன்னார். பெரும்பாலும் அதற்குக் காரணம் நிக்கல். ஐரோப்பிய ஒன்றியம் 1994-லேயே நகைகளில் நிக்கலுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது, ஆனால் எல்லா நாட்டிலும் அந்த விதி இல்லை. தங்க முலாமுக்கு அடியில் என்ன உலோகம் என்று கேட்டோம். கடைப் பெண் உள்ளே போய்க் கேட்டு வந்து, தெரியவில்லை என்று நேராகச் சொன்னார். விட்டுவிட்டோம். பதிலுக்கு ஒரு துணிப் பை: எம்பிராய்டரி போட்டது, உள்ளே லைனிங் சுத்தமாக, ஜிப் முனையில் தையல் இரட்டையாக. அதோடு ஒரு செட்டாக, துணிகளில் தெளிக்கும் வாசனைத் தண்ணீர் 150 மில்லி பாட்டில்.

மலைப்பாம்புத் தோலில் ஒரு பர்ஸும் இருந்தது, நிஜத் தோல் என்று பெருமையாகக் காட்டினார்கள். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975-இல் அமலுக்கு வந்த சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் மலைப்பாம்புகள் இருக்கின்றன. எல்லை தாண்டும்போது பல நாடுகள் அனுமதிச் சீட்டு கேட்கும். இதில் யோசிக்க எதுவும் இல்லை.

மேலாளருக்கு நீல ஸ்கார்ஃப். அவர் பெரும்பாலும் அடர் நிறம்தான் உடுத்துவார், சாயம் ஒட்டினாலும் தெரியாது என்பது எங்கள் கணக்கு. சக ஊழியைக்கு அந்தப் பூப்போட்ட பருத்தி ஸ்கார்ஃப். கை அச்சு இல்லை, வேறு நாட்டில் தைத்தது, இரண்டும் தெரிந்தே வாங்கினோம். படத்தை வரைந்தவர் உள்ளூர்க்காரர், படம் நன்றாக இருக்கிறது, வீட்டிலேயே துவைக்கலாம், விலையும் கை அச்சு விலை இல்லை. அது தன்னை என்னவென்று சொல்லிக்கொண்டதோ அதற்கு நியாயமான விலைதான்.

அம்மாவுக்குச் சால்வை. தோழி கொஞ்சம் தயங்கினார். "இதைவிட நல்ல துணி இந்தக் கடையில் இல்லைம்மா" என்று நான்தான் அடித்துச் சொன்னேன்.

அண்ணன் மகளுக்குத் தோழி எடுத்தது, தோள் இறங்கிய, முன்பக்கம் திறந்த ஒரு தொளதொள மேல்சட்டை. எனக்குச் சம்மதம் இல்லை. உடுப்பு அளவு எண்கள் உலகம் முழுக்க ஒன்று கிடையாது: பிரிட்டனில் 10 என்பது அமெரிக்காவில் ஏறக்குறைய 6, ஐரோப்பாவில் 38. வளரும் பெண்ணுக்கு அளவு தெரியாமல் எடுப்பதா, அதுவும் திருப்பிக் கொடுக்க வரவே முடியாத இடத்தில்? உள்தையலில் துணி ஓரம் பிரியாமல் போடும் ஓவர்லாக் நூல் வேறு இரண்டு இடத்தில் பிசிறியிருந்தது. அதையும் காட்டினேன். தோழி கேட்கவில்லை. "அவ பழைய சட்டையெல்லாம் இப்படித்தான் தொளதொளன்னு போட்டுக்குவா. இந்தப் பச்சைதான் அவளுக்குப் பிடிச்ச கலர்" என்றார். சரி, வாங்குகிறவர் அவர்.

பில் போடும் இடத்தில்

இங்கே இரண்டு விஷயம் நடந்தது. முதல் பில்லுக்கு அட்டையைச் சொருகியதும், உள்ளூர்ப் பணத்தில் கட்டுகிறீர்களா, உங்கள் நாட்டுப் பணத்திலா என்று கருவி கேட்டது. தெரிந்த பணம்தானே என்று தோழி நம் பணத்தை அழுத்திவிட்டார். அப்படி அழுத்தினால் மாற்று விகிதத்தைத் தீர்மானிப்பது நம் வங்கி இல்லை, அந்தக் கருவியின் பின்னால் இருக்கும் நிறுவனம். அதன் லாபமும் விகிதத்துக்குள்ளேயே இருக்கும். மேல்சட்டையைக் கடைசி நேரத்தில் தனி பில்லாகப் போட்டபோது நான் சொல்லி, உள்ளூர்ப் பணத்தை அழுத்தினார்.

இரண்டாவது, அந்த 150 மில்லி பாட்டில். மாறிப் போகும் பயணமா என்று கேட்டுவிட்டு, கடைப் பெண் பாட்டிலையும் பில்லையும் ஒளிபுகும் பையில் போட்டு முத்திரை ஒட்டிக் கொடுத்தார். போய்ச் சேரும் வரை பிரிக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

போர்டிங் தொடங்கி ஏழு நிமிடம் ஆனபோது வாயிலில் இருந்தோம். கைப்பையில் எல்லாவற்றையும் அடக்க இடம் போதவில்லை. நான் வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்கப் போன நேரத்தில் தோழி முத்திரைப் பையைக் கிழித்து, பாட்டிலைச் சால்வைக்குள் சுருட்டி வைத்துவிட்டார். உடையாமல் இருக்கட்டும் என்று நினைத்தாராம்.

பின்பு நடந்தது

மாறும் விமான நிலையத்தில் மறுபடி பாதுகாப்புச் சோதனை. கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற கட்டுப்பாடு, 2006 ஆகஸ்டில் பிரிட்டனில் விமானங்களைத் தகர்க்கும் சதி பிடிபட்ட பிறகு வந்தது. உள்ளே வாங்கிய திரவத்துக்கு அந்த முத்திரைப் பைதான் சாட்சி. முத்திரை இல்லை, பாட்டில் தொட்டிக்குள் போனது. அண்ணிக்குப் பை மட்டும் போய்ச் சேர்ந்தது. அவருக்கு அதில் குறை எதுவும் இல்லை, செட்டாக இருந்ததே அவருக்குத் தெரியாது.

மேலாளர் நீல ஸ்கார்ஃபை மறுநாளே போட்டுக்கொண்டு வந்தார், அடர் நிறப் புடவையின் மேல், நாங்கள் கணக்குப் போட்ட மாதிரியே. பிற்பகலில் அதைக் கழற்றித் தன் வெளிர் நிறத் தோள்பையின் கைப்பிடியில் சுற்றி வைத்தார். வியர்வை ஈரம் இருந்திருக்கிறது. மாலையில் கைப்பிடி நீலம். தனியாகத் துவைக்கும்படி ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வைப்பதாகப் பேசியிருந்தோம். விமானத்தில் தூங்கிவிட்டோம், எழுதவில்லை. மேலாளர் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த ஸ்கார்ஃபை அலுவலகத்தில் நான் பார்க்கவில்லை.

பச்சை மேல்சட்டை விஷயத்தில் நான் முழுக்கத் தோற்றேன். அந்தப் பெண் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு வாரம் இரண்டு நாள் போடுகிறாள். பிசிறிய இடத்தை அவளே ஊசி நூல் எடுத்து, வேண்டுமென்றே வேறு நிற நூலில் தைத்துக்கொண்டாளாம்.

சால்வை விஷயத்திலும் நான்தான் தோற்றேன். தோழியின் அம்மா எந்தத் துணியையும் கண்ணெதிரே தண்ணீரில் அலசாமல் உடம்பில் போடமாட்டார். வெளியில் சலவைக்குக் கொடுத்த துணி சுத்தம் இல்லை என்பது அவர் கட்சி. சால்வையை இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டு, கழுத்தில் குத்துகிறது என்று சொல்லி, மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். கடையிலேயே சிறந்த துணி அது என்பதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நான் துணிக்கு மதிப்பெண் போட்டேன், போட்டுக்கொள்ளப் போகும் கழுத்து யாருடையது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. தோழி கேட்டிருப்பார், நான் பேசவே விடவில்லை.

பூ ஸ்கார்ஃபை வாங்கிக்கொண்ட சக ஊழியை முதலில் கேட்டதே, "இது அந்த ஊர்லயே செஞ்சதா?" என்றுதான். "வரைஞ்சவங்க அந்த ஊர்க்காரங்க, தைச்சது வேற நாட்டுல" என்றார் தோழி. ஓ என்று கேட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் போய்க் கட்டிப் பார்த்தார். சொல்ல வேண்டியிருக்கவில்லை என்று தோழி பிறகு என்னிடம் முணுமுணுத்தார். சொன்னதுதான் சரி என்பது என் அபிப்பிராயம். என்றைக்காவது அவரே உள்சீட்டைப் பார்க்கத்தான் போகிறார்.

மாத இறுதியில் அட்டையின் கணக்கு வந்தது. தோழி கணக்குப் பிரிவு ஆயிற்றே, இரண்டு பில்லையும் எடுத்து வைத்து விகிதத்தைப் போட்டுப் பார்த்தார். அதே கடை, அதே நாள், கால் மணி நேர இடைவெளி. நம் பணத்தை அழுத்திய பில்லில் விகிதம் தெளிவாக மோசம். நான்கு பரிசும் அந்த பில்லில்தான் இருந்தன.

மாற்றிச் செய்ய நினைப்பவை

கடைக்குள் 50 நிமிடத்தில் ஏறக்குறைய 20 நிமிடத்தை அலமாரி மேலிருந்த அறிமுகங்களுக்குக் கொடுத்தோம். அந்த நேரத்தைப் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கும்போதே ஆட்களுக்குக் கொடுத்திருக்கலாம்: யார் என்ன உடுத்துகிறார்கள், எப்படித் துவைக்கிறார்கள், எது அவர்கள் உடம்புக்கு ஆகாது. அண்ணியின் காது அரிப்பு தற்செயலாகப் பேச்சில் வந்ததால் தப்பித்தோம். அம்மாவின் துவைக்கும் பழக்கம் பேச்சில் வரவே இல்லை.

உள்சீட்டைப் படிப்பதை நான் விடப் போவதில்லை. ஆனால் இழை, தைத்த நாடு இரண்டையும் அவ்வளவு கவனமாகப் பார்த்துவிட்டு, பராமரிப்புக் குறியை மட்டும் அலங்காரம் போல நினைத்துத் தாண்டியது தவறு. பரிசாகக் கொடுக்கும் துணிக்கு அந்தக் குறிதான் முதலில் பார்க்க வேண்டியது. நமக்கென்று வாங்கினால் நாம் சமாளித்துக்கொள்வோம். இன்னொருவருக்குக் கொடுக்கும்போது ஒரு வேலையையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

சாயம் விடும் துணியை இனியும் வாங்குவேன், அவுரியை அதற்காக ஒதுக்க மனம் வராது. துண்டுச் சீட்டைக் கடை மேஜையிலேயே எழுதி உள்ளே வைத்துவிடுவேன், அவ்வளவுதான். முடிந்தால் கொடுப்பதற்கு முன் ஒரு முறை வீட்டில் அலசிவிடலாம். புதுசு போல இருக்காதே என்று தோழி சொல்கிறார். இதில் இன்னும் இருவரும் ஒத்துப்போகவில்லை.

மாறிப் போகும் பயணத்தில் பாட்டில் இருக்கும் செட்டை எடுக்கவே கூடாது என்று தோழி முடிவு செய்துவிட்டார். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் படுகிறது, முத்திரையைப் பிரிக்காமல் இருந்தாலே போதும்.

அவருடைய போனில் இப்போது ஒரு பட்டியல் இருக்கிறது. மேலாளர் பெயருக்கு நேரே 'வெளிர் நிறப் பை'. அண்ணன் மகளுக்கு நேரே தோள் அகலமும் கை நீளமும் சென்டிமீட்டரில், அந்தப் பச்சைச் சட்டையிலிருந்தே அளந்தது. அம்மாவுக்கு நேரே: 'பருத்தி மட்டும். வாளியில் ஊறப்போடுவார்.'